பொருள்: முன்சக்கர பிரேக் தேய்வு தொடர்பாக

டிரைவர் கொண்டுவந்து கொடுத்த முதல் மனுவில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "வண்டியில் முன்பக்க பிரேக் தேய்ந்துவிட்டது, மாற்றித் தரவும்." ஒற்றை வரி மனுவை எங்கள் அலுவலகத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். அதனால் நான் அதை ஒன்றரைப் பக்கமாக டைப் செய்து, பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு, கடைசிப் பத்தியில் பிரேக் என்ற சொல்லை ஒரு தடவை வைத்தேன். டிரைவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, "அக்கா, இதுல பிரேக் எங்க இருக்கு?" என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். "அப்ப சரி," என்று கையெழுத்துப் போட்டார்.

எங்கள் சுகாதார அலுவலகம் மலையடிவாரத்தில் இருக்கிறது. புதன்கிழமைதோறும் ஒரு வெள்ளைக் கார், நர்ஸையும் தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு மேலே மூன்று ஊர்களுக்குப் போய்வரும். பத்தொன்பது வளைவுகள். ஏறும்போது இன்ஜின் பாடு, இறங்கும்போது பிரேக் பாடு. டிரைவர் பதினைந்து வருடமாகத் தற்காலிக ஊழியர். ஒவ்வொரு வருடமும் அவரை ஒரு நாள் வேலையிலிருந்து நிறுத்தி, மறுநாள் புதிதாகச் சேர்ப்பார்கள். நர்ஸுக்கு முப்பது வயது இருக்கும். மத்தியானச் சாப்பாட்டை என் அறையில்தான் சாப்பிடுவாள். என் டப்பாவில் பாதியும் அவளுக்குத்தான் போகும். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. அந்தக் குறையை அவள் வாயாடியே தீர்த்துவைத்தாள்.

மனு துணை இயக்குநரிடம் போனது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பரிசீலனை. காலையில் வணக்கம் சொன்னால்கூட அதைப் பரிசீலித்துவிட்டுத்தான் பதில் வணக்கம் வைப்பார். கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்க மாட்டார், யாரையும் திட்ட மாட்டார், எதையும் செய்யவும் மாட்டார்.

பிரேக்கில் முக்கியமாக இரண்டு சாமான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு ஒன்று, டிஸ்க் என்பார்கள். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பட்டைகள், பேடு என்பார்கள். மிதித்தால் பேடு டிஸ்க்கைக் கவ்வும், வண்டி நிற்கும். இது டிரைவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். எங்கள் அலுவலகப் பாடம் வேறு. பேடு தேய்கிற பொருள், ஆகவே கிடங்குப் பிரிவு. டிஸ்க் நிலையான சொத்து, ஆகவே சொத்துப் பிரிவு.

கிடங்குப் பிரிவு எழுதியது: "டிஸ்க் கீறல் விழுந்து மெலிந்துள்ளது. அதன்மேல் புதிய பேடு மாட்டினால் பேடு வீணாகும். முதலில் டிஸ்க்கை மாற்றவும்." சொத்துப் பிரிவு எழுதியது: "பேடு தேய்ந்ததால்தான் டிஸ்க்கில் கீறல் விழுந்தது. பழைய பேடோடு புதிய டிஸ்க் மாட்டினால் டிஸ்க் வீணாகும். முதலில் பேடை மாற்றவும்." இரண்டுமே சரி என்பதுதான் கொடுமை. ஃபைல் இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்குமாக மூன்று மாதம் நடையாய் நடந்தது. அந்த இரண்டு மேஜைகளுக்கும் நடுவில் ஒரு பீரோதான் இருந்தது.

டிரைவர் பரிசீலனையின் அறைக்குப் போனார். குறிப்பெடுக்க நானும் இருந்தேன்.

"சார், ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டா என்ன சார்?"

பரிசீலனை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல யோசனைதான். ஆனா ரெண்டு பிரிவும் ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டா, என்னய்யா இவ்வளவு ஒத்துமை, உள்ள ஏதோ இருக்குன்னு தணிக்கையில கேப்பாங்க. நம்ம மடியில கனம் இல்ல. இருந்தாலும் கேப்பாங்க."

"டிஸ்க்கு ஓரத்துலயே அளவு போட்டிருக்கு சார். இருபது மில்லிமீட்டருக்குக் கீழ போனா மாத்தணும்னு. இது பதினெட்டுக்கு வந்துடுச்சுன்னு என் மச்சினன் சொல்றான். அவன் மெக்கானிக்."

"அது யாரு போட்ட அளவு?"

"வண்டி செஞ்ச கம்பெனி சார்."

"கம்பெனிக்காரன் நம்ம ஊழியர் இல்லையே. உங்க மச்சினனும் இல்ல. தலைமை அலுவலகத்துலேருந்து அளவீட்டு அதிகாரி வந்து அளக்கணும். அவருக்கு எழுதுவோம்."

எழுதினோம். அளவீட்டு அதிகாரிக்கு எல்லா ஊரிலும் ஒரே பெயர்தான், மில்லிமீட்டர். அவரிடமிருந்து பதில் வந்தது; ஆள் வரவில்லை. பதிலில் ஒரு கேள்வி இருந்தது: "பிரேக் ஏன் தேய்ந்தது என்பதற்கு ஓட்டுநரின் விளக்கம் தேவை."

டிரைவர் எழுதிய விளக்கம்: "பிரேக் போட்டதால்."

இதை நான் எப்படியெல்லாமோ நீட்டிப் பார்த்தேன். அரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை. அதற்கும் பதில் வந்தது. இயக்குநரின் காரில் நான்கு வருடமாக அதே பேடு இருக்கிறது, இந்த வண்டியில் மட்டும் இரண்டு வருடத்தில் தேய்ந்தது எப்படி, இது அளவுக்கு மீறிய உபயோகம் இல்லையா என்று கேட்டிருந்தார்கள். இயக்குநரின் கார் அவர் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வரும். நடுவில் ஒரு சிக்னல் உண்டு. மலை கிடையாது. அந்த வருடத்தின் சிறந்த ஓட்டுநர் விருது இயக்குநரின் டிரைவருக்குத்தான் கிடைத்தது. சான்றிதழில் "பிரேக் சிக்கனத்திற்காக" என்று இருந்தது. அதையும் டைப் செய்தவள் நான்தான்.

எங்கள் டிரைவருக்கு ஒரு பதிவேடு தரப்பட்டது. ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் நேரம், இடம், காரணம் மூன்றையும் அதில் எழுத வேண்டும். ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் பேனாவுமாக எப்படி ஓட்டுவது என்று அவர் கேட்டார். அதைக் கேட்கிற அதிகாரம் அவருக்கு இல்லை என்று தெரிந்தது. கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ்தான் எழுதினாள்.

"பதினொன்றாம் வளைவு. காரணம்: வளைவு."

"பதினான்காம் வளைவு. காரணம்: எருமை. ஒதுங்க மறுத்தது."

"பதினாறாம் வளைவு. காரணம்: கீழே பள்ளம். எங்களுக்கு உயிர் மேல் ஆசை."

பதிவேடு திரும்பி வந்தபோது கடைசி வரிக்கு நேரே சிவப்பு மையில், "சொந்த விருப்பம் காரணமாகாது," என்று எழுதியிருந்தது. நர்ஸ் அதை எனக்குப் படித்துக்காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆறாவது மாதம் பிரேக் கத்த ஆரம்பித்தது. முதலில் கீச்சென்றது, பிறகு இரும்பும் இரும்பும் உராயும் கரகரப்பு. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே வாட்ச்மேனுக்குக் கேட்டுவிடும், எழுந்து போய் கேட்டைத் திறப்பார். எட்டாவது மாதம் சத்தம் இயக்குநரின் அறைக்கும் கேட்டதால் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. நேரடிச் சோதனை. வண்டியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது விதி. முதல் உறுப்பினருக்கு இடுப்பு வலி. இரண்டாமவருக்கு வண்டியில் ஏறினால் தலைசுற்றல். மூன்றாமவர் பரிசீலனை; குழு பிரிந்து போனால் குழு ஆகாது என்பதால் அவரும் ஏறவில்லை. மூவரும் மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். டிரைவர் மட்டும் வண்டியை எடுத்து, கொடிக்கம்பத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்து பிரேக் போட்டார். ஆள் நடக்கிற வேகம்தான். வண்டி ஊரே கேட்கும்படி அலறிவிட்டு நின்றது.

குழுவின் அறிக்கை: "வாகனம் நின்றது. பிரேக் வேலை செய்கிறது என்பதற்கு அதன் சத்தமே சாட்சி."

"சார், மலையில இறங்கும்போது ஒரு தரம் வந்து பாருங்க சார்," என்று டிரைவர் கீழேயிருந்து கெஞ்சினார்.

"மலை நம்ம வளாகத்துக்கு வெளிய இருக்கு," என்றார் பரிசீலனை, வருத்தத்தோடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரைவரின் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவரே பிறகு சொன்னார். அவர் மனைவி தன் தம்பியைக் கூப்பிட்டு, "உன் மாமா பொணமா வந்தா அப்புறம் ஸ்பானரோட வந்து நிப்பியா?" என்று கேட்டிருக்கிறாள். மச்சினன் மறு பேச்சுப் பேசவில்லை. புது டிஸ்க் இரண்டு, புது பேடு நாலு வாங்கிக்கொண்டு வந்தான். டிரைவர் கூடவே குனிந்து நின்று மாட்டினார். "மாமா, காசு கீசுன்னு பேசினீங்க, நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம்.

திங்கட்கிழமை காலையில் வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவே இல்லை, ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தார். புதன்கிழமை மலைக்குப் போய்விட்டு வந்த நர்ஸ், "அக்கா, இன்னைக்கு எனக்கு வண்டியிலயே தூக்கம் வந்துடுச்சு," என்றாள். எட்டு மாதமாக இறங்கும் வழி முழுக்க அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த திங்கட்கிழமை மில்லிமீட்டர் வந்துவிட்டார்.

ஒல்லியான மனிதர். தோல் பையில் அளவு கருவியை வைத்திருந்தார். சக்கரத்தைக் கழற்றச் சொன்னார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், ஃபைலைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். பிறகு எதையும் அளக்காமல் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

பரிசீலனையின் அறையில் டிரைவர் கை கட்டி நின்றார். நான் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

"தேய்ஞ்ச பேடையும் டிஸ்க்கையும் அளக்கத்தான் எனக்கு உத்தரவு," என்றார் மில்லிமீட்டர். "வண்டியில தேய்ஞ்ச சாமானே இல்ல. அப்ப எட்டு மாசமா நீங்க அனுப்பினதெல்லாம் பொய்யா?"

பரிசீலனை வெளிறிப்போனார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. "என்னப்பா பண்ணி வச்சிருக்கே?" என்றார். "ஒரு பிரச்சின ஃபைல்ல இருக்கும்போது வெளியில தீரலாமா? இப்ப நான் என்னன்னு எழுதுவேன்? கோரிக்கை வந்துச்சு, நாங்க ஒண்ணும் செய்யல, அது தானா சரியாப் போச்சுன்னா? அப்புறம் நாங்கல்லாம் இங்க எதுக்குன்னு ஒருத்தன் கேக்க மாட்டானா?"

"உயிர் போற விஷயம் சார். அதான் என் மச்சினன்…"

"அரசாங்க வண்டியில அரசாங்க சாமானைக் கழட்டியிருக்கே. அதுக்குப் பேரு திருட்டு. உன் சாமானை மாட்டியிருக்கே. அதுக்கு என்ன பேருன்னே விதியில இல்ல. அது இன்னும் மோசம்." மில்லிமீட்டர் டீ குடிக்க வெளியே போனதும் குரலைத் தணித்துக்கொண்டார். "பழைய சாமானெல்லாம் இருக்குல்ல?"

"வீட்ல இருக்கு சார்."

"எடுத்துட்டு வந்து மாட்டிடு. ஒரே ஒரு நாள். சார் அளந்துடுவாரு. ஃபைல் நேராயிடும். அப்புறம் முறைப்படி புதுசு வரும். அடுத்த மாசம் உன்னைத் திரும்பச் சேர்க்கிற உத்தரவுல நான்தான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்கட்டும்."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"இது எழுதணுமா சார்?" என்று கேட்டேன்.

"இதெல்லாம் எதுக்கும்மா எழுதிக்கிட்டு? வாய்வார்த்தைதானே," என்றார் பரிசீலனை. சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல நான் ஃபைலில் டைப் செய்தது இது: "ஓட்டுநர் தாமாகவே முன்வந்து வாகனத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை வளாகத்திலேயே, வெயிலில், டிரைவர் தன் கையால் நல்ல பிரேக்கைக் கழற்றிவிட்டுத் தேய்ந்ததை மாட்டினார். மச்சினனைக் கூப்பிடவில்லை. அவன் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். மாட்டி முடித்ததும் மில்லிமீட்டர் குனிந்து கருவியை எடுத்தார். அப்போது கருவியின் தரச் சான்று அவர் கண்ணில் பட்டது. முந்தின நாளோடு அது காலாவதியாகியிருந்தது. காலாவதியான கருவியால் அளந்தால் அளவு செல்லாது. மனிதர் நேர்மையானவர், அளக்க மறுத்துவிட்டார். புதுச் சான்று வியாழக்கிழமை வரும், அதுவரை பேடையும் டிஸ்க்கையும் யாரும் தொடக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார்.

நடுவில் புதன்கிழமை இருந்தது.

"இந்த பிரேக்க வச்சுக்கிட்டு நான் மலைக்குப் போகமாட்டேன் சார்," என்று டிரைவர் புதன்கிழமை காலையில் தீர்மானமாகச் சொன்னார்.

"எட்டு மாசமா போயிட்டுதானே வந்தே? இன்னைக்கு மட்டும் என்ன புதுசா?" என்றார் பரிசீலனை. "மாசக் கடைசி. ஊசி போட்ட கணக்குல மூணு ஊர் குறைஞ்சா மேல கேப்பாங்க. போகலைன்னா ஏன் போகலைன்னு எழுதிக்கொடு. பிரேக் சரியில்லன்னு மட்டும் எழுதாத. அது இன்னும் முடிவாகல."

ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் வந்து நின்றாள். "அண்ணே, ஐஸ் உருகிடுச்சுன்னா மருந்து பூராவும் வீணாப்போயிடும். போன மாசமே ரெண்டு கொழந்தைங்களுக்கு விட்டுப்போச்சு. மெதுவா போலாம். இறங்கும்போது கியர்லயே இறக்கிடலாம்." என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டுடு அக்கா, எனக்கு எடுத்து வைக்காத, நேரமாகும்," என்றாள். நான் தலையாட்டினேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு வாய் இருந்தது. வழக்கமில்லை.

மூன்று ஊரிலும் ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். மொத்தம் நாற்பத்தாறு குழந்தைகள். இறங்கும்போது கியரில்தான் இறங்கினார்கள். ஏழாவது வளைவில் மிதி தரை வரைக்கும் போனது, வண்டி நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பார்த்தார், அது வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததோடு சரி. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. டிரைவர் பாறைப் பக்கம் ஒடித்தார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நர்ஸ் உட்கார்ந்திருந்தது பாறைப் பக்கம்.

அவள் போய்விட்டாள். இதை வேறு எப்படியும் எனக்கு எழுதத் தெரியவில்லை. அன்றைக்கு மத்தியானம் நான் அவளுக்கு எடுத்து வைக்காமல் முழுதும் சாப்பிட்டுவிட்டிருந்தேன்.

விசாரணை மூன்று வாரம் கழித்து நடந்தது. தொழில்நுட்பம் தெரிந்தவர் வேண்டும் என்பதால் மில்லிமீட்டரையே விசாரணை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். கருவிக்குப் புதுச் சான்று வந்திருந்தது. நொறுங்கிய வண்டியிலிருந்து எடுத்த பேடை அளந்துவிட்டு, "தடிமன் பூஜ்யம்," என்று அறிவித்தார். "ஆக, மாத்தணும்கிற கோரிக்கை நியாயமானதுதான். ஒப்புதல் தரலாம்." பரிசீலனை எழுந்து, மாட்டுவதற்கு வண்டி இல்லை என்று நினைவூட்டினார். சரி, கோரிக்கை நிறைவேறியதாக வைத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு டிரைவரைக் கூப்பிட்டார்கள். இடது கையில் கட்டு. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். நாற்காலி போடச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. நான் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கேள்வியும் பதிலுமாக டைப் செய்துகொண்டிருந்தேன்.

"விபத்துக்கு முந்தின நாள் காலையில வண்டியில நல்ல பிரேக் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அதைக் கழட்டினது யாரு?"

"நான்தாங்க."

"தேய்ஞ்ச பிரேக்க மாட்டினது?"

"நான்தாங்க. சார் மாட்டச் சொன்னாரு."

பரிசீலனை தலையைக் குனிந்துகொண்டார். "நான் சொன்னதா ஃபைல்ல எங்கயாவது இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க," என்றார். குரலில் கோபமே இல்லை.

மில்லிமீட்டர் ஃபைலைப் புரட்டினார். "தாமாகவே முன்வந்து," என்று வாசித்தார். "அந்த ரூம்ல வேற யாராவது இருந்தாங்களா?"

"அக்கா இருந்தாங்க," என்றார் டிரைவர்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் கை நின்றது. மில்லிமீட்டர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"விசாரணையை டைப் பண்றவங்க அதே விசாரணையில சாட்சி சொல்லக் கூடாது. அவங்க சாட்சி சொல்லணும்னா டைப் பண்ண வேற ஆள் வேணும். இங்க வேற டைப்பிஸ்ட் இருக்காங்களா?"

"ஒருத்தர்தான் சார். இன்னொரு இடம் ஆறு வருஷமா காலி," என்றார் பரிசீலனை.

"அப்ப அவங்க இஷ்டம். எழுந்து வந்து சாட்சி சொல்றதுன்னா சொல்லட்டும். விசாரணையைத் தள்ளி வச்சுடறேன். இல்லன்னா டைப்பைத் தொடரட்டும்."

அறையில் மின்விசிறி ஓடியது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நிற்க ஒரு நொடி போதும். எனக்கு அவர்கள் தாராளமாகவே நேரம் கொடுத்தார்கள். எனக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது என்று யோசித்தேன். படுக்கையில் கிடக்கிற என் வீட்டுக்காரரை யோசித்தேன். அவளையும் யோசித்தேன், அவளைத்தான் அதிகமாக யோசித்தேன். யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

டிரைவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால் எழுந்திருப்பேனோ என்னவோ. வரவில்லை.

"அக்காவை விட்டுடுங்க சார். அவங்க ஒண்ணும் பண்ணல," என்றார். "கை என்னோடதுதான். யாரும் பிடிச்சு மாட்ட வைக்கல. நானாத்தான் மாட்டினேன்னு போட்டுக்குங்க."

மில்லிமீட்டர் என் பக்கம் தலையசைத்தார்.

நானாத்தான் மாட்டினேன் என்று டைப் செய்தேன்.